தபீதாளின் அந்நிய பாஷை

“நிறுத்துங்க! எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்குள் நின்று சுஜி கத்தினாள். சேலையூரில் மெட்டில்டாவின் வீட்டில் மாதா மாதம் நடக்கும் உபவாச ஜெபத்தில் இதுவரை யாரும் அப்படிக் கத்தியதில்லை.

யாரும் நிறுத்தவில்லை.

திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்ததால் பட்டப்பகலிலேயே ஹால் இருண்டு கிடந்தது. முக்காடு போட்ட பெண்கள் தரையில் உட்கார்ந்து, கண்களை இறுக மூடி, ஆளுக்கொரு குரலில் அழுது ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், சுஜி வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த அவள் மாமியார் தபீதாள் பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் சுஜி உள்ளே ஓடி வந்திருந்தாள்.

அது தமிழ் இல்லை. எந்த மொழியும் இல்லை. குழைந்து குழைந்து வந்தது. நடுநடுவே சிரிப்பு போல ஒரு சத்தம்.

“வந்துடுச்சு சுஜி!” பக்கத்து வீட்டு டெபோரா கண்ணைத் திறக்காமலே அழுதாள். “உங்க அத்தைக்கு அந்நிய பாஷை வந்துடுச்சு! எவ்வளவு நாள் ஏக்கம்!”

ஆவி இறங்கினால் வரும் என்று அவர்கள் நம்பும் பாஷை. அந்தக் கூட்டத்தில் தபீதாளுக்கு மட்டும்தான் அது வாய்க்கவில்லை. அதற்காகவே மாதம் தவறாமல் பட்டினி கிடப்பாள்.

சுஜி திரைச்சீலையை விலக்கினாள். வெளிச்சம் தபீதாளின் முகத்தில் விழுந்தது. இடது பாதி சிரித்தது. வலது பாதி தூங்குவது போலத் தொங்கியது.

“அத்தை, என்னைப் பாருங்க. ரெண்டு கையையும் தூக்குங்க.”

இடது கை உயர்ந்தது. வலது கை வேறு யாருடையதோ போல மடியிலேயே கிடந்தது. தபீதாள் அதைக் கவனிக்கவே இல்லை. பேசிக்கொண்டே இருந்தாள்.

“தள்ளிப் போ சுஜி,” என்றாள் மெட்டில்டா. “ஆவியானவர் பேசறப்ப குறுக்க வராதே. ஒரு நாள் ஜெபத்துக்கு வந்திருப்பியா? செருப்போட வந்து நிக்கறே.”

“ஆன்ட்டி, இது பக்கவாதம்.”

“வாயைக் கழுவு!”

“நான் மாசமா இருந்தப்ப எனக்கே பிரஷர் எகிறி ஆஸ்பத்திரியில கிடந்தேன். முகம் கோணினா, கை விழுந்தா, பேச்சு குழறினா அடுத்த நிமிஷம் ஓடி வந்துடும்மான்னு அங்க ஒரு நர்ஸ் தினமும் சொல்வாங்க. டெபோராக்கா, வந்து ஒரு கை பிடிங்க.”

டெபோரா கண்ணைத் திறந்தாள். தபீதாளின் முகத்தைப் பார்த்தாள். அவள் ஜெபம் பாதியில் நின்றது.

ஆட்டோ கேம்ப் ரோட்டில் போகும்போதும் தபீதாள் நிறுத்தவில்லை. சுஜியின் காதருகே குனிந்து, அவசரமாக எதையோ சொல்ல வேண்டியவள் போல, அந்தப் புரியாத பேச்சைப் பேசிக்கொண்டே வந்தாள்.

கூட ஏறிக்கொண்ட மெட்டில்டா முணுமுணுத்தாள். “கெடுத்துட்டே. கிடைச்ச வரத்தை பாதியில பிடுங்கிட்டே.”

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் ஃபஹீமா வேகமாக வெளியே வந்தாள்.

“ரத்தக் கசிவு இல்ல, அடைப்புதான். கரைக்க ஊசி இருக்கு. ஆனா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். கடைசியா எப்ப நல்லா பேசினாங்க?”

“காலையில பத்து மணிக்கு,” என்றாள் சுஜி. “நான்தான் ஸ்கூட்டியில கொண்டுபோய் விட்டேன்.”

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு.

“அதுக்கப்புறம்? யாரும் பார்க்கலையா?”

“கண்ணை மூடிட்டு இருந்தோம் டாக்டர்,” என்றாள் டெபோரா. “பாஷை வந்தது மூணு மணி இருக்கும். அதுவரைக்கும் சத்தமே இல்லாம உக்காந்திருந்தாங்க.”

“சத்தமில்லாம இருந்தப்பவே வந்திருக்கலாமே! அப்ப நான் பத்து மணியிலிருந்துதான் கணக்கு வைக்கணும்.”

“ஊசி போட முடியாதா?”

“நேரம் கடந்து போட்டா மூளையில ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். சாரிம்மா.”

திரைக்குப் பின்னாலிருந்து தபீதாளின் குரல் வந்துகொண்டிருந்தது. இப்போது மெலிந்துவிட்டது. யாரோ வீட்டைப் பூட்டிவிட்டு தூரமாக நடந்து போய்க்கொண்டே பேசுவது போல.

டாக்டர் திரும்பி நடந்தாள்.

“ஒண்ணரைக்கு,” என்றது ஒரு குரல்.

மெட்டில்டா.

“ஒண்ணரைக்கு நல்லா இருந்தா. எழுந்து சமையல்கட்டுக்கு நடந்து வந்தா. என்கிட்ட பேசினா.”

டாக்டர் ஓடி வந்தாள். “நிச்சயமா? குழறலே இல்லையா? என்ன பேசினாங்க, அப்படியே சொல்லுங்க.”

மெட்டில்டா முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எடுத்தாள்.

“‘அக்கா, தலை கனமா இருக்கு. உபவாசம்னு காலையில பிரஷர் மாத்திரை போடல. இப்ப போட்டுக்கட்டுமா’ன்னு கேட்டா. தெளிவாத்தான் கேட்டா. விசுவாசம் இருக்கறவளுக்கு மாத்திரை எதுக்கு, ஜெபம் முடியறவரைக்கும் பொறுன்னு நான்தான் சொன்னேன்.”

டாக்டர் அதற்குமேல் நிற்கவில்லை. “சிஸ்டர், ஊசியை எடுங்க, சீக்கிரம்!” என்று உள்ளிருந்து சத்தம் கேட்டது.

டெபோரா மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, உங்களுக்கும் பிரஷர் இருக்கே. உபவாசம்னா நீங்களும் மாத்திரை போடறதில்லையா?”

மெட்டில்டா தரையைப் பார்த்தாள்.

“நான் போட்டுட்டுத்தான் ஜெபத்துல உக்காருவேன்.”