மாமன் மடி

“மாமன் மடியில்லாம காது குத்துறதா? எங்க தெருவுல சிரிப்பாங்கடி” என்றாள் இருசம்மாள், சட்டினி அரைத்தபடியே.

யோகராணி மாவு தள்ளுவதை நிறுத்தவில்லை. திருச்சி அகதி முகாமின் வாசலில், சந்திரம்மாளின் இட்லிக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்து ஆறு மாதம். கணவன் படகு ஏறவில்லை. கரை இறங்கிய மாதம் பிறந்த பெண் குழந்தைக்கு இப்போது ஒன்பது மாதம். கடைத்தெருப் பெண்கள் இப்போதுதான் அதைக் கையில் வாங்கத் தொடங்கியிருந்தார்கள்.

“கூடப் பொறந்தவன் யாருமில்லையா?” என்றாள் சந்திரம்மாள்.

“ஒரு அண்ணா இருந்தவர், அம்மா. போன ஐப்பசி, யாழ்ப்பாணச் சண்டையில செத்திட்டார். ஆர் சுட்டதெண்டும் தெரியாது.”

இட்லிப் பானையைத் திறந்த சந்திரம்மாள் அப்படியே நின்றாள். ஆவி முகத்தில் அடித்தது.

“என் மவன் உக்காருவான்.”

இருசம்மாளின் கை நின்றது. “யாரு, காத்தானா?”

“எனக்கு வேற மவன் இருக்கானா?”

“அக்கா, நெசமாத்தான் சொல்றியா?”

“நீ சட்டினியப் பாரு.”

யோகராணிக்குப் பயமாக இருந்தது. “அவருக்கு விருப்பமோ, அம்மா? அகதிப் பிள்ளையெல்லோ.”

“எம் பேச்ச ஒரே ஒரு தடவதான் தட்டினான். இதத் தட்டமாட்டான்.”

ஆவணி வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினார்கள். சந்திரம்மாள் வீட்டை யோகராணி அன்றுதான் பார்க்கிறாள். கடைத்தெருப் பெண்களும் வந்து நிறைந்திருந்தார்கள். ஆசாரி கம்பியைத் துடைத்துவிட்டார். மணைப்பலகை மட்டும் காலி.

வரவில்லை. அவருக்கு விருப்பமில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு யோகராணி வாசலைப் பார்த்தாள். பஸ்ஸுக்குத் தனியே வழி தெரியுமா என்று யோசித்தாள்.

“மாமன் எங்கம்மா? நேரமாவுதுல்ல?” என்றார் ஆசாரி.

“இதோ கூட்டியாறேன்.”

உள்ளே போன சந்திரம்மாள் ஒரு படத்தோடு வந்தாள். மணையில் உட்கார்ந்து, அதை நெஞ்சோடு சாத்தி, மடியை விரித்தாள். கண்ணாடிக்குள் பட்டாளத்து உடுப்பில் ஓர் இளைஞன் சிரித்தான். கீழே எழுதியிருந்தது: ‘காத்தான். மறைவு: யாழ்ப்பாணம், ஐப்பசி 1987.’

யோகராணி இரண்டு முறை படித்தாள்.

பிறகு குழந்தையை அண்ணன் மடியில் உட்காரவைத்தாள்.