இரண்டாவது கியர்

அந்தச் சின்ன ஸ்பிரிங்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்ததும் பொன்னுதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. காஜா பெராங் வட்டாரத்தில் இருபது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிற மனிதர் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை.

"என்னாண்ணே, என்னா இருக்கு உள்ள?" என்றாள் கமலவேணி.

அவள் மருதமுத்துவின் பெண்டாட்டி. தோட்டத்து லேண்ட் ரோவர் மேட்டு இறக்கத்தில் உருண்டு, அதை ஓட்டிய மருதமுத்து செத்துப் பதினோரு நாள்தான் ஆகிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டான், செத்தான் என்று தோட்டம் முழுக்க ஒரே பேச்சு.

வெள்ளிக்கிழமை விசாரணை. தப்பு டிரைவருடையது என்று முடிவானால் நஷ்டஈடு கிடையாது, லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

கியர்பாக்ஸைப் பிரித்து, கோளாறு உண்டா இல்லையா என்று எழுதித் தந்துவிட்டு, அதைப் புதுசாகக் கட்டித் தரும் வேலை பொன்னுதுரையிடம் வந்திருந்தது. அதற்காக சிங்கப்பூரிலிருந்து வந்த உதிரிச் சாமான் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் மேசைமேல் கிடந்தது. விஷயம் காதில் விழுந்ததும் கமலவேணி தெங்கேராவில் பஸ்ஸை விட்டிறங்கி மழையோடு நடந்தே வந்துவிட்டாள்.

மழையில் பட்டறை இருண்டு கிடந்தது. "அந்த டார்ச் லைட்டை எடுக்கட்டுங்களாண்ணே?" என்று ஆணியில் தொங்கியதைக் காட்டினாள்.

"அது ஒரு மாசமா எரியலம்மா. அரிக்கேனைத் தூக்கிப் புடி."

தூக்கிப் பிடித்தாள்.

"இதோ பாரு. கியர் போட்டா இந்த இரும்புக் குண்டு குழியில உக்காந்துக்கும். கியரை நவுர விடாது. குண்டை அமுக்கிப் புடிக்கிறது ஸ்பிரிங்குதான். நல்ல ஸ்பிரிங்கு கல்லு மாதிரி இருக்கணும். இது கொழகொழன்னு இருக்கு, நீயே அமுக்கிப் பாரு."

அமுக்கினாள். பஞ்சு மாதிரி அமுங்கியது.

"இது கியர்பாக்ஸ் சாமானே இல்லம்மா. கையில கெடைச்சத மாட்டி விட்டிருக்கு. புதுசு வர்ற வரைக்கும் தாங்கும்னு நெனைச்சிருப்பாங்க. இறக்கத்துல ரெண்டாவது கியர் தானா கழண்டிருக்கு. உன் புருசன் நியூட்ரல்ல விடல."

கமலவேணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான் தலையில அடிச்சிக்கிட்டுச் சொன்னேண்ணே, அவுரு அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு. அவுரப் பெத்த ஆயிகூட நம்பலையே!"

பிறகு அழுகை கோபமாகத் திரும்பியது. "இதைப் போட்டவன் நல்லாயிருப்பானா? அவன் கை வெளங்குமா? நாசமாப் போவான், கட்டையில போவான்!"

பொன்னுதுரை கைத்துணியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவரைத் தன் அண்ணனாகவே நினைத்துவிட்டாள் அந்தப் பெண்.

"அதை எங்கிட்ட குடுங்கண்ணே, முந்தானையில முடிஞ்சி வச்சிக்கிறேன்."

"வேணாம்மா, எங்கயாச்சும் விழுந்துட்டா போச்சு. எங்கிட்டயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நானே வந்து எடுத்துக் காட்டறேன்."

"கட்டாயம் வருவீங்கதானே?"

"வருவேம்மா. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா சாமானை மறைச்சிப்புடுவாங்க."

கமலவேணி கிரீஸ் படிந்த தரை என்றுகூடப் பார்க்காமல் அவர் காலில் விழுந்தாள். "நீங்கதாண்ணே எங்க கொலசாமி" என்று விம்மிவிட்டுப் புறப்பட்டாள். வந்தபோது இருந்ததைவிட நடை வேகமாக இருந்தது.

மறுநாள் காலையில் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஜெயபாலன் வந்தார். மேசைமேல் சிங்கப்பூர்ப் பொட்டலம் பிரிந்து கிடந்தது.

"தொரை நல்ல மனுசன் பொன்னுதுரை. கியர்பாக்ஸ்ல கோளாறுன்னு நீங்க ஒரு வரி எழுதினாப் போதும், அந்தப் பொண்ணுக்குச் சேர வேண்டியதைக் குடுத்துடச் சொல்லிட்டாரு. பாவம், சின்னப் புள்ளைங்க."

"உண்மைதானுங்க."

"போன மாசம் மெர்டேக்கா சுதந்திர ஊர்வலத்துக்கு வண்டி வேணும்னு நாங்க அவசரப்படுத்தினப்ப நீங்கதானே ஸ்பிரிங்கை மாத்தினீங்க? அதுல எதுவும் ஆயிடலையே?"

"அதெப்படிங்க ஆகும்?"

ஜெயபாலன் குனிந்து கியர்பாக்ஸ் துளைக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே, உள்ள ஒரே இருட்டு."

பொன்னுதுரை ஆணியில் தொங்கிய டார்ச் லைட்டை எடுத்தார். உள்ளே ஸ்பிரிங் அழுந்த அடிமூடியை ஒரு திருகு திருகி இறுக்கி, பொத்தானை அமுக்கினார். வெளிச்சம் பளிச்சென்று துளைக்குள் விழுந்தது.

"நல்லாப் பாருங்க கிராணி, ஸ்பிரிங்கு புத்தம் புதுசு. தப்பு மருதமுத்து மேலதான்."