பதினோராவது கூடு

ஈச்சமரத்துத் தூக்கணாங்குருவிகளிடையே ஒரு சேதி பறந்தது. "கூட்டுக்குள்ள ஒட்டியிருக்கிற களிமண்ல விஷமாம். பெரிய கொக்கே சொன்னாராம். உடனே பேத்து எறி, பத்துக் கூட்டுக்குச் சொல்லு!"

எல்லாம் எறிந்தன. போன வருஷச் சண்டையை இன்னும் மறக்காத கிழக்குருவியிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. சேதி தன் கூட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்து அது உள்ளுக்குள் பொருமியது.

சாயங்காலம் காற்று கிளம்பியது. களிமண் பாரம் போன கூடுகள் ராட்டினமாய்ச் சுற்றின. கிழக்குருவியின் கூடு மட்டும் நிதானமாகத் தொங்கியது.

பக்கத்துக் கூட்டுக்காரி, பறக்கப் பழகும் குஞ்சுகளோடு தடுமாறி வந்தாள். "அண்ணே, பிள்ளைங்க விழுந்துடும்! கொஞ்சம் இடம் கொடுங்க."

குஞ்சுகளை உள்ளே இழுத்துக்கொண்ட கிழக்குருவி, வாசலை மறித்து நின்றது.

"பத்துப் பேருக்குச் சொன்னியே, எனக்கு ஏன் சொல்லலை?"