சுடாத துப்பாக்கி

“எல்லாம் ஒரே ரகத் துப்பாக்கிதான். ஆனா இதுவரைக்கும் அஞ்சு தலைமுறை வந்திருக்கு” என்றான் ஆரின் ப்ரூயிட். “கடையில மூணாவது, நாலாவது, அஞ்சாவதுதான் இருக்கு. எது வேணும்?”

“மூணையும் எடு” என்றாள் வெர்னா ஸ்டாடர்ட்.

அரிசோனாவின் அந்தச் சின்ன ஊரில் இருந்த ஒரே துப்பாக்கிக் கடை ஆரினுடையது. வெர்னா இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பின்சீட்டில் உட்கார்ந்து சேட்டை செய்ததற்காக ஆரினே சின்ன வயதில் அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறான். அவள் கணவன் கேல் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிறவன். போன வாரம் இருவரும் வக்கீல் அலுவலகத்திலிருந்து முன்னும் பின்னுமாக, ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் வெளியே வந்ததை ஊரில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். மீதிப் பேர் கேள்விப்பட்டிருந்தார்கள்.

ஆரின் மூன்றையும் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்தான். எந்தத் தலைமுறை நல்லது என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மூன்றாவதைப் புகழ்கிறவனும் ஐந்தாவதைப் புகழ்கிறவனும் ஒரே மேசையில் காபி குடிக்க மாட்டார்கள்.

“என்னைக் கேட்டா அஞ்சாவதுதான். பிடியில மேடு பள்ளம் கிடையாது. டிரிகர் வெண்ணெய் மாதிரி. இடது கைக்காரங்களுக்கும்...”

வெர்னா கண்களை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். “பேசாம ஒண்ணொண்ணா கையில வை. எது எதுன்னு சொல்லாதே.”

ஐந்தாவதை வைத்தான்.

“வழவழன்னு இருக்கு. இது இல்லை.”

நான்காவதை வைத்தான். அவள் கட்டைவிரல் பக்கவாட்டில் தடவிப் பார்த்தது.

“இந்தப் பட்டன் எதுக்கு இவ்வளவு பெரிசு?”

“தோட்டாக் கூடு சட்டுனு கழலறதுக்கு. வயசானவங்களுக்கு வசதி.”

“அப்ப அதை வயசானவங்களுக்கு வித்துக்கோ.”

மூன்றாவதை வைத்ததும் அவள் விரல்கள் பிடியிலிருந்த பள்ளங்களில் தாமாகப் போய் உட்கார்ந்தன. இறுகியிருந்த தோள் மெல்லத் தளர்ந்தது.

“இதேதான்” என்று கண்ணைத் திறந்தாள். “ஒரு வேலை மட்டும் செஞ்சு தரணும். உள்ளே தோட்டாவைத் தட்டற ஊசி இருக்குமே, அதைக் கழட்டிடு. பார்க்க அப்படியே இருக்கணும். ஆனா சுடக் கூடாது.”

ஆரின் துணியை எடுத்து மேசையைத் துடைத்தான். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

“எதுக்கு?”

“இதே மாதிரி ஒண்ணு கட்டில் பக்கத்து டிராயர்ல இருக்கு. அதை எடுத்துட்டு இதை வைக்கப் போறேன்.”

“அதையே கொண்டு வாங்களேன். ஊசியைக் கழட்ட அஞ்சு நிமிஷம்.”

“ஒரு தடவை எடுத்து ஒளிச்சு வெச்சுப் பார்த்தேன். மறுநாளே தேடி வீட்டையே புரட்டிப் போட்டாச்சு. அந்த டிராயர் ஒரு மணி நேரம்கூடக் காலியா இருக்கக் கூடாது. வேற மாடலை வெச்சாலும் கை பட்ட உடனே தெரிஞ்சிடும்.”

“இதெல்லாம் கேலுக்குத் தெரியுமா?”

“தெரியவே கூடாது. பாவம், நிம்மதியா தூங்கட்டும்.”

டிராயரில் சுடாத துப்பாக்கி. கட்டிலில் கேல். பின்வாசல் வழியாக எவனோ ஒருவன். ஆரினின் மண்டைக்குள் முழுப் படமும் ஓடி முடிந்தது.

“துப்பாக்கி யாருக்குன்னு படிவத்துல எழுதணும்” என்றான்.

“எனக்குத்தான்.”

பொய் என்றே ஆரினுக்குத் தோன்றியது. ஆனால் அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆரின் படிவத்தையும் பேனாவையும் அவள் முன் தள்ளிவிட்டு, சாவி எடுக்கப் போவதாகச் சொல்லி உள்ளறைக்குப் போனான். ஷெரீப் அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

“உடனே யாரையாவது அனுப்புங்க. வெர்னா ஸ்டாடர்ட்... ஆமா, பஸ் வெர்னாதான்.”

அவர்கள் வந்து சேரும்வரை இவளைப் பிடித்து வைக்க வேண்டும். திரும்பி வந்து, மறுபடி மேசையைத் துடைத்தபடி வானிலையைக் கேட்பவன்போல் கேட்டான்.

“வீட்டுக்குப் புதுசா யாராவது வந்து போறாங்களா, மிஸஸ் ஸ்டாடர்ட்?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

ஆரின் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

“ஒருத்தன் வர்றான். வாரத்துல ரெண்டு மூணு நாள். நான் கண்ணு முழிச்சு வர்றப்ப அடுப்படியில நின்னு காபி போட்டுட்டிருப்பான். கேலோட சட்டையைப் போட்டுக்கிட்டு, கேலோட கோப்பையில குடிச்சிக்கிட்டு.”

“அப்ப கேல் எங்கே?”

“அதைத்தான் நானும் அவன்கிட்ட கேட்டேன். போன செவ்வாய்க்கிழமை. டிராயர்லருந்து என் துப்பாக்கியை எடுத்து, அவன் நெத்திக்கு நேரா பிடிச்சுக்கிட்டே கேட்டேன்.”

“உங்க துப்பாக்கியா?”

“பின்னே யாரோடது? இருபது வருஷமா என் கைக்குப் பழகினது. கேல் துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது.”

ஆரினின் கையிலிருந்த துணி நின்றது. “அந்த ஆள் என்ன பண்ணினான்?”

“ரெண்டு கையையும் தூக்கிட்டு அழுதான்.” வெர்னா படிவத்தில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக யோசித்து எழுதி முடித்தாள்.

“அவன்தான் கேல்னு டாக்டர் சொல்றாரு.”