விளிம்புக்குப் போன குறுணி

ஒரு பெரிய கிரகத்தைச் சுற்றிப் பனிக்கட்டிகளின் வளையம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வரிசை கலையக் கூடாது என்பது அங்கே வழக்கம். குறுணி என்ற சின்னப் பனிக்கட்டிக்கு மட்டும் நிலாவாக வேண்டுமென்று ஆசை. அக்கம்பக்கத்துத் தூசியையெல்லாம் அணைத்துச் சேர்த்துக் கொஞ்சம் பருக்கும். உடனே கிரகம் ஒரு இழு இழுக்கும், சேர்த்ததெல்லாம் உதிர்ந்துவிடும்.

"மூஞ்சியப் பாரு, நிலாவாம்! தள்ளிப் போ அந்தப் பக்கம்," என்று பக்கத்துப் பாறை ஒவ்வொரு முறையும் ஒரு இடி இடிக்கும்.

இடிபட்டு இடிபட்டுக் குறுணி வளையத்தின் வெளி விளிம்புக்கே வந்துவிட்டது. 'இனி எங்கே தள்ளுவார்கள்?' என்று அங்கேயும் தூசியைச் சேர்த்தது. கிரகம் இழுத்தது. குறுணி பல்லைக் கடித்துக்கொண்டது. ஒரு பொடிகூட உதிரவில்லை! அவ்வளவு தூரத்தில் கிரகத்தின் பிடிக்கு அத்தனை பலமில்லை.

குறுணி உருண்டு திரண்டு, வளையத்தைத் தாண்டித் தனிப்பாதையில் ஜம்மென்று கிளம்பியது.

"பாத்தீங்களா நம்ம நிலாவை!" என்று வரிசையெங்கும் கேட்கக் கத்தியது பாறை. "அதை அங்க தள்ளிவிட்டதே நான்தான்!"

நிலா விழுந்து விழுந்து சிரித்தது. பாறை சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லையே.