சத்தம் போட்ட ஜாயிண்ட்

நாலு சக்கரமும் இழுக்கிற கிழட்டு ஜீப் ஒன்று, மலைமேல் எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. அதன் அடியில், பின்சக்கரங்களைச் சுழற்றுகிற நீளத் தண்டில் ஒரு ஜாயிண்ட். ஒரு வாரமாக அது கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"வாயை மூடு" என்று சீறியது, தண்டின் நுனியில் இரும்புப் பெட்டிக்குள் இருந்த பேரிங். "உன்னால என்னையும் கழட்டுவாங்க."

"உன் உருளையெல்லாம் நொறுங்கிக் கிடக்கு. நீ ஆடுற ஆட்டம்தான் என்னைப் போட்டு அடிக்குது. மேல பதினாலு பேர் உக்காந்திருக்காங்க. யார் காதுலயாவது விழட்டும்னுதான் கத்துறேன்."

"நான் எண்ணெய்க்குள்ள கிடக்கேன், வெளியே தெரியாது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிடலாம்."

மெக்கானிக் எட்வின் காதில் விழுந்தது. ஜீப்பைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தை ஓடவிட்டார். ஸ்குரூடிரைவர் முனையை ஒவ்வோர் இடமாக வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார். சத்தம் பெரிதாக இருந்த இடத்தில் நிறுத்தினார்.

"இதான் டிரைவரே, ஜாயிண்ட் போயிடுச்சு."

அதைக் கழற்றிப் பழைய இரும்பு டின்னில் எறிந்துவிட்டு, புதுசை மாட்டினார். சத்தம் நின்றது. பேரிங் இருந்த பெட்டியை அவர் திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் அதே டின்னில் புது ஜாயிண்ட் வந்து விழுந்தது. பளபளப்புகூடப் போகவில்லை, நடுவில் முறிந்திருந்தது. அதன்மேல் பேரிங்கின் உருளைகள் பொலபொலவென்று கொட்டின.

"எத்தனை பேர் செத்தாங்க?" என்று கேட்டது பழைய ஜாயிண்ட்.

"ஒன்பது" என்றது புதுசு. "நான் சத்தமே போடலையே."