ஓடிய நேரம்

“ஏண்டா, அந்த டிஸ்க் இன்னைக்காவது சாகுமா? இல்ல, நம்ம ரெண்டு பேரையும் அனுப்பிட்டுத்தான் சாகுமா?”

கடையின் முன்மேசையிலிருந்து அக்கா கேட்டாள். தம்பி காது கேட்காதவன்போல, ஏற்கெனவே பளபளத்த மேசையை மூன்றாவது முறையாகத் துடைத்தான்.

தெருவில் அவனுக்கு டிஸ்க் டாக்டர் என்று பெயர். கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்து, எது எப்போது படுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். “வியாழக்கிழமை தாண்டாது” என்றால் தாண்டாது. பேச்சைக் கேட்டு உள்ளே இருந்ததை வேறு டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். சிரித்துவிட்டுப் போனவர்கள் கல்யாண வீடியோவைத் தொலைத்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஒரு விஷயம் மட்டும், அடுத்தவர் டிஸ்க்கில் ஒரு ஃபைலைக்கூடத் திறந்து பார்க்க மாட்டான். கடையின் சட்டம் அது. அக்காவுக்கு அதில் தீராத வருத்தம்.

பாட்டு டீச்சரின் பழைய டிஸ்க்கில் இருந்த பாடல்களை அப்படித்தான் காப்பாற்றிக் கொடுத்தான். அடுத்த சனிக்கிழமையே அவள் பிரிக்காத பெட்டியில் ஒரு புது டிஸ்க்கோடு வந்து, “இதையும் ஒரு தடவை பாத்துடுங்களேன்” என்றாள். பொட்டு அளவுகூடக் குறையில்லாத டிஸ்க். “நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வெளியே வந்ததோ வேறு.

“ஒரு சின்ன சந்தேகம் இருக்கு. வாராவாரம் கொண்டுவாங்க.”

சோதனை முடிய சரியாக ஒரு மணி நேரம். அதுவரை அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, தன்னிடம் பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் எப்படி எப்படித் தப்பாகப் பாடுகிறார்கள் என்று பாடிக் காட்டுவாள். நாற்பத்திரண்டு வயது டாக்டர், கண்ணில் நீர் வரச் சிரிப்பான். இப்படியே பதினாலு சனிக்கிழமை. “அந்த ஒரு மணி நேரத்துல நான் ரெண்டு சட்டை தச்சிடறேன். அவனுக்கு ஒரு வார்த்தை வரமாட்டேங்குது” என்று பக்கத்துக் கடைத் தையல்காரர்கூட அலுத்துக்கொண்டார்.

“பாவம்டா அவ. டிஸ்க் போயிடுமோ போயிடுமோன்னு எத்தனை நாளைக்குப் பயந்துக்கிட்டே இருப்பா?” என்றாள் அக்கா. “இன்னைக்கு நீ உண்மையைச் சொல்ற. இல்ல, நான் சொல்லிடுவேன்.”

“சொல்லிட்டா அப்புறம் அவங்க எதுக்குக்கா இங்க வரப்போறாங்க?”

அக்கா பதில் சொல்வதற்குள் டீச்சர் வந்துவிட்டாள். வெளியே தூறல்; காலில் புதுச் செருப்பு. தூறலில் யாராவது புதுச் செருப்பு போடுவார்களா? அக்கா அதைக் குறித்துக்கொண்டாள்.

“எப்படி இருக்கார்னு பாருங்க நம்ம நோயாளி” என்று டிஸ்க்கை நீட்டினாள் டீச்சர். “வாரம் பூரா இதுலதான் பாட்டா பதிஞ்சு தள்ளுறேன். ஓடி ஓடி அலுத்துப்போயிருக்கும், பாவம்.”

சோதனை ஓடியது. தகரத்தைத் தேய்க்கும் குரல் கொண்ட குண்டுப் பையனை அவள் அப்படியே பாடிக் காட்டியும் டாக்டர் சிரிக்கவில்லை. அக்கா இரண்டு தடவை கனைத்தாள்.

பிரிண்டர் அறிக்கையைத் துப்பியது. சிவப்பு வரி ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். எப்போதும் அவ்வளவுதான், பச்சை வரிகளை அவன் படித்ததே இல்லை.

“டீச்சர்… இந்த டிஸ்க்குக்கு ஒண்ணுமே இல்ல.”

“அப்படியா, தேறிடுச்சா?”

“தேறுறதெல்லாம் இல்ல. முதல் நாள்லேர்ந்தே கல்லு மாதிரிதான் இருக்கு. நான்தான் பொய் சொன்னேன். நீங்க வரணும்னு…” மீதியை மேசையைப் பார்த்துச் சொன்னான். “பயமுறுத்திட்டேன், மன்னிச்சிடுங்க. இனிமே நீங்க வரவேண்டாம். வந்தா நல்லா இருக்கும். ஆனா வரவேண்டாம்.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

டீச்சர் கோபப்படவில்லை. காதுமடல் சிவக்க, அறிக்கையை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

“பேருதான் பெரிய டாக்டர். பச்சையில இருக்கறதைப் படிக்கவே மாட்டீங்களா? அந்தக் கடைசி வரியைப் படிங்க.”

படித்தான். ‘இந்த டிஸ்க் இதுவரை ஓடிய மொத்த நேரம்: 15 மணி.’

வாரத்துக்கு ஒரு மணி, இன்றோடு பதினைந்து வாரம். டீச்சர் பாட்டாகப் பதிந்து தள்ளிய அந்த டிஸ்க், அவன் மேசையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் ஒரு சுற்றுகூடச் சுற்றியிருக்கவில்லை.